பதினெட்டு மில்லி

பத்தாவது கணக்கு யாரையும் சிரமப்படுத்தவில்லை.

ஆசிரியை மேசைகளுக்கு நடுவே மெல்ல நடந்தார். எட்டிப் பார்த்த தாளிலெல்லாம் பதினெட்டு மில்லி என்றே இருந்தது. சிலர் அதன் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்கள்.

பிறந்து ஒன்பது நாளான குழந்தை. எடை மூன்று கிலோ. டாக்டர் எழுதியிருக்கும் காய்ச்சல் மருந்து நானூற்றைம்பது மில்லிகிராம். பாட்டிலில் ஐந்து மில்லிக்கு நூற்றிருபத்தைந்து மில்லிகிராம். எத்தனை மில்லி கொடுப்பீர்கள்?

மருந்தளவுத் தேர்வில் பத்துக்குப் பத்து வாங்கினால்தான் நர்சிங் மாணவிகள் வார்டுக்குள் கால் வைக்கலாம். முதல் ஒன்பது கணக்கும் புத்தகத்தில் இருந்தவை. பத்தாவதை ஆசிரியை தாமாகச் சேர்த்திருந்தார்.

கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம்தான் வரம்பு என்பது அத்தனை பேருக்கும் தலைகீழ்ப் பாடம். மூன்று கிலோவுக்கு நாற்பத்தைந்து. கேள்வித்தாளில் ஒரு பூஜ்யம் அதிகம்.

ஒருத்தியாவது நிமிர்ந்து பார்ப்பாள் என்று காத்திருந்தார். இருபத்தோரு பேனாக்கள் அதே பதினெட்டில் வந்து நின்றன.

மிச்சம் இருந்தது கடைசி மேசை.

அங்கே இருந்தவளைத் தோழிகள் 'விரலி' என்பார்கள். ஏழையும் ஆறையும் கூட்டவே விரலை மடக்குகிறவள். இந்தத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இன்றும் விட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தசமப் புள்ளியைக் கண்டாலே பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். ஒரு மாதமாக மாலையில் ஆசிரியையோடு உட்கார்ந்து, அழுது, மூக்கைச் சிந்தி, மறுபடி எழுதிப் பழகியிருந்தாள்.

அவள் தாளிலும் பதினெட்டு வந்திருந்தது. மூன்று முறை போட்டுப் பார்த்திருந்தாள். மூன்று முறையும் அதேதான்.

பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள்.

பயிற்சி அறையிலேயே தேர்வு நடந்ததால் சுவரோரமாகக் கட்டில்களும் பொம்மைகளும் இருந்தன. அவள் குழாயடிக்குப் போனாள். ஐந்து மில்லி சிரிஞ்சில் தண்ணீரை இழுத்துச் சின்னக் கிண்ணத்தில் விட்டாள். மறுபடியும் ஐந்து. இன்னும் ஒரு ஐந்து. பிறகு மூன்று.

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். 'விரல் பத்தலை போல' என்று ஒரு குரல் முணுமுணுத்தது.

அவள் காதில் வாங்கவில்லை. தொட்டிலில் கிடந்த பொம்மையை எடுத்தாள். அது மூன்று கிலோ இருக்கும்படி மணல் அடைத்துத் தைத்த பொம்மை. தலையை இடது முழங்கை மடிப்பில் தாங்கி, கிண்ணத்தை அதன் உதட்டருகே கொண்டுபோனாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

ஆசிரியையும் நின்றுவிட்டார். மூச்சு விட்டால்கூட எதுவோ கலைந்துவிடும் போலிருந்தது. அந்தப் பெண் கண்ணை இடுக்கிக் கிண்ணத்தைப் பார்த்தாள். பொம்மையின் வாயைப் பார்த்தாள். திரும்பவும் கிண்ணத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் தேர்வு பயம் இல்லை. அது வேறு பயம். கையில் ஒரு உயிர் இருக்கிறவளுக்கு வருகிற பயம்.

பொம்மையைத் தொட்டிலில் பதமாகப் படுக்கவைத்துவிட்டு மேசைக்கு வந்தாள். பதினெட்டை அடித்தாள். வேறு எதுவும் எழுதாமல், நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்திருந்த ஆசிரியையிடம் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். கண் நிரம்பியிருந்தது.

"இந்த ஒண்ணு மட்டும் எனக்கு வரலை மேடம். எப்படிப் போட்டாலும் பதினெட்டுதான் வருது. ஆனா இவ்வளவு மருந்தை அந்தக் குழந்தைக்கு என்னால குடுக்க முடியாது. டாக்டர்கிட்ட போய்க் கேக்கணும். அவர் திட்டினாலும் பரவாயில்ல."

ஆசிரியைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருபத்தாறு வருடம் வார்டில் எத்தனையோ கெட்டிக்காரிகளைப் பார்த்தவர் அவர். இருட்டில்கூட நரம்பைக் கண்டுபிடித்து ஊசி ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒருத்தி எதிரே வந்து நிற்பாள் என்று நினைத்ததில்லை. தன்னையும் அறியாமல் நாற்காலியை விட்டு எழுந்தார். மாணவிக்கு முன்னால் ஆசிரியை எழுந்து நிற்பதை வகுப்பே வாய் பிளந்து பார்த்தது.

அடித்த பதினெட்டின் மேல் பெரிதாக ஒரு சரி போட்டார். பத்துக்குப் பத்து. கடைசிப் பூஜ்யம் கோணியது.

"நான் பாஸா மேடம்?"

ஆசிரியை ஆம் என்று தலையாட்டினார்.

பத்தாவது கணக்கு ஆசிரியை கற்பனையில் போட்டதல்ல. குழந்தை, மூன்று கிலோ, டாக்டரின் அவசரக் கையெழுத்தில் விழுந்த அந்த ஒரு பூஜ்யம், எல்லாம் ஒரு வார்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தவை. அன்று பணியில் இருந்த மாணவிக்குப் பத்தொன்பது வயது. கணக்கில் அவளை மிஞ்ச வகுப்பில் ஆளில்லை. மனக்கணக்காகவே அரை நிமிடத்தில் போட்டுவிட்டாள். பதினெட்டு மில்லியையும் கரண்டி கரண்டியாக, ஒரு சொட்டு சிந்தாமல் ஊட்டினாள். தாய் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

மூன்றாம் நாள் தொட்டில் காலியானது.

விசாரணைக்கு வந்தவர்கள் மாணவி எழுதிவைத்த மருந்துக் குறிப்பை வாங்கி ஒன்றுக்கு இரண்டு முறை போட்டுப் பார்த்தார்கள். கணக்கில் பிழை இல்லை, உன்மேல் குற்றமில்லை என்று சொல்லி, பின்னாளில் ஆசிரியையான அந்தப் பத்தொன்பது வயதுக்காரியை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.