கண்ணாடிக்குள் ஒரு மாம்பழம்

அழகர்மலை அடிவாரத் தோப்பின் முதல் பறிப்பைக் கூடையோடு கொண்டுவந்து வைத்தார் உக்கிரபாண்டி. தெற்கு மாசி வீதிப் பட்டு வியாபாரி துளசிராம், சுவரில் மாட்டியிருந்த படத்தை விட்டுத் திரும்பவே இல்லை.

"வாங்க பாண்டி, இதைப் பாருங்க! வடக்கே போனப்ப கல்கத்தாவுல ஒரு துரை வீட்டு ஏலத்துல எடுத்தேன். நூறு வருஷத்துக்கு முந்தி அச்சடிச்சு, கையால வர்ணம் தீட்டினது."

கண்ணாடிக்குள் ஒரே ஒரு மாம்பழம்.

"காம்போரம் அந்தச் செவப்பைப் பாருங்க. பால் வடிஞ்ச தடத்தைக்கூட விடலை. எம்புட்டுப் பொறுமை அந்தக் கைக்கு!"

உக்கிரபாண்டியும் அசந்துதான் போனார். "மோந்து பாத்தா வாசமே வரும் போலருக்குண்ணே" என்றவர், கூடையிலிருந்து ஒரு பழத்தைத் துடைத்து நீட்டினார். "இந்தாங்க, நெசப் பழத்தையும் தின்னு பாருங்க."

துளசிராம் வாங்கவில்லை. "பிள்ளைகளுக்குக் குடுங்க."

"வருஷா வருஷம் வாசல்லயே வாங்கித் திம்பீங்க. காகிதப் பழம் வந்ததும் எந்தோப்புப் பழம் எளப்பமாப் போச்சா?" உக்கிரபாண்டி கூடையைத் தூக்கப் போனார்.

துளசிராம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தின்ன முடியாது, பாத்துக்கிட்டாவது இருப்போம்னுதான் படத்தையே வாங்கினேன், பாண்டி."

"ஏன் முடியாது?"

"காசிக்குப் போனா ரொம்பப் பிடிச்ச பழத்தை விட்டுட்டு வரணுமில்ல? கூட வந்தவங்க நாவப்பழம், வெளாம்பழம்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டாங்க. கங்கையில நின்னுக்கிட்டு எனக்குப் பொய் சொல்ல வாய் வரலை. உங்க தோப்பு மாம்பழத்தைச் சொல்லிட்டேன்."