ஊர்ந்து வந்த ஜீப்பு

பொன்னுமணிக்கு ஆத்திரமாக வந்தது. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் போடி கோயிலில் நாத்தனார் மகளுக்குக் காது குத்தியாக வேண்டும். தாய்மாமன் சீராகப் போகிற தங்கத் தோடு இவள் இடுப்புச் சுருக்குப்பையில் இருக்கிறது. சின்ராசுவின் ஜீப்போ ஏலத்தோட்டத்து மண் ரோட்டில் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

முந்தின நாளே மலையிறங்கிப் போன புருஷன் வேலுச்சாமியிடம் தோட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். கொடுத்தால் அது கோயிலுக்குப் போகுமா, அடகுக்கடைக்குப் போகுமா என்ற சந்தேகத்தில் அவள்தான் கொடுக்கவில்லை.

மற்ற நாளில் சின்ராசு ஓட்டினால் உள்ளே இருப்பவர்களுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். இன்றைக்குப் பார்த்து ஒவ்வொரு குழியிலும் வண்டியை நிறுத்தி, மெல்ல இறக்கி, ஏற்றி வந்தான். கழுத்தில் துண்டைத் தூளி மாதிரி முடிந்து அதில் எதையோ தொங்கவிட்டிருந்தான். கியர் மாற்றாத நேரமெல்லாம் ஒரு கை அதன் மேலேயே இருந்தது.

பக்கத்தில் இருந்த கருத்தம்மா அவள் காதைக் கடித்தாள். "பாட்டிலுதாங்க்கா. கேரளாச் சரக்கு. ஒடஞ்சிருமேன்னுதான் இப்படிப் பூப்போல ஓட்டுறான்."

பொன்னுமணிக்குக் கோபம் இன்னும் ஏறியது. வெரசாப் போப்பா என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் போயிரலாங்க்கா என்றவன் வேகத்தைக் கூட்டவில்லை.

போடிமெட்டு தாண்டி வளைவுகளில் இறங்கும்போது, தேயிலை லோடு ஏற்றிய லாரிகூட இவர்களை முந்திக்கொண்டு போனது. வேலுச்சாமி ஐந்தாவது முறையாகப் போன் போட்டுக் கத்தினான். பொன்னுமணி போனை வைத்துவிட்டு, சின்ராசுவுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

"தங்கபாண்டி ஜீப்பா இருந்தா இந்நேரம் காது குத்தி, பந்தியில உக்காந்திருப்பேன். அந்த மனுசன் வண்டிய ஓடவிடாமப் பண்ணிப்புட்டு, இப்ப இவன் ஒருத்தன் ராச்சியம்."

தங்கபாண்டிக்கும் சின்ராசுவுக்கும் ஆள் ஏற்றுவதில் வருஷக்கணக்காகத் தகராறு. போன மாசி மாதம் ரெண்டு பேரும் நடுரோட்டில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பதினைந்து நாளாகத் தங்கபாண்டி ஜீப்பைக் காணோம். சின்ராசுதான் அதிகாரிகளுக்குப் புகார் எழுதிப் போட்டு நிறுத்திவிட்டான் என்று தோட்டமே பேசிக்கொண்டது. சின்ராசு இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை.

போடிக்குள் நுழையும்போது மணி பத்தேகால். கோயிலுக்கு இன்னும் ஐந்தே நிமிடம். சின்ராசு கோயில் பக்கம் திரும்பாமல் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"ரெண்டு நிமிசங்க்கா" என்று இறங்கி, துண்டை ரெண்டு கையாலும் தாங்கிக்கொண்டு உள்ளே நடந்தான்.

பொன்னுமணிக்குப் பொறுமை போய்விட்டது. அந்தப் பாட்டிலை நாலு பேர் முன்னால் போட்டு உடைக்காமல் விடுவதில்லை என்று பின்னாலேயே போனாள்.

ரத்தம் பார்க்கிற அறையில் சுஜாதா என்ற பெண் துண்டை அவிழ்த்தாள். உள்ளே ஐஸ் போட்ட பிளாஸ்க். அதற்குள் விரல் நீளத்தில் ஒரு குழாய், குழாயில் ரத்தம். அதைச் சுற்றுகிற மிஷினில் வைத்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"தெளிவா இருக்குண்ணே. முந்தாநாள் கொண்டுவந்ததுதான் வழியெல்லாம் குலுங்கி, ரத்த அணுவெல்லாம் ஒடஞ்சு, நம்பரே பாக்க முடியல. இது போதும்."

என்ன நம்பர் என்று பொன்னுமணி கேட்டாள். மாரடைப்பு வந்து பிழைத்தவருக்கு இதயம் இனித் தாங்குமா, தாங்காதா என்பதை ரத்தத்தில் இருக்கிற அந்த அளவை வைத்து டாக்டர் கணிப்பார் என்றாள் சுஜாதா.

"கூடியிருந்தா இன்னைக்கே டோலி கட்டி எறக்கி மதுரைக்குக் கொண்டு போகணும்" என்றான் சின்ராசு. "கொறஞ்சிருந்தா லயத்து வீட்டுலயே படுத்துக் கெடக்கட்டும், அந்த ரோட்டுல வீணா உருட்ட வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

பொன்னுமணிக்குக் குரல் இறங்கிவிட்டது. "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னப்பா?"

"வெளிய தெரியக்கூடாதுக்கா. நாளைக்கு டாக்டரே வண்டி ஓட்டலாம்னு சொன்னாலும், நெஞ்சுவலி வந்தவன் ஜீப்புல எவன் ஏறுவான்? பொழப்புப் போயிரும்ல."

"ஜீப்பா? யாரு ஜீப்பு?"

சுஜாதா குழாயைத் தாங்கியில் வைத்தாள். அதில் ஒட்டியிருந்த சீட்டைப் பொன்னுமணி எழுத்துக் கூட்டிப் படித்தாள். தங்கபாண்டி, வயது 46.

வெளியே வந்தபோது மணி பத்தரை தாண்டியிருந்தது. ஜீப்பில் எல்லோரும் சின்ராசுவைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். போனும் அடித்தது. இனி ராகுகாலம் முடிந்து பன்னிரண்டேகாலுக்குத்தான் என்று வேலுச்சாமி கத்தினான். அந்த டிரைவரிடம் போனைக் கொடு, அவனை நாலு கேட்கிறேன் என்றான்.

பொன்னுமணி போனைக் கொடுக்கவில்லை. ஜீப்பில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அவன ஒண்ணும் சொல்லாதீங்க. மெதுவாப் போகச் சொன்னதே நாந்தேன்."