வியாழக்கிழமை க்ரீம்

முரளி டப்பாவைத் துடைக்கத் துணி எடுக்கப் பால்கனிக்குப் போனதும், அகல்யா அத்தர் குப்பியைத் திறந்தாள்.

சுடுதண்ணீரில் நின்ற கிண்ணத்தில் தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் உருகிக் கிடந்தன. இனி இறக்கி, கற்றாழைக் கூழைச் சேர்த்துக் கையால் அடிப்பான். வெண்ணெய் மாதிரித் திரண்டு வரும்.

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் வெந்நீர் தவிர எதுவும் வைக்கத் தெரியாதவன் இவன். பனியில் இவள் உதடு வெடித்தபோது ஒரு வாஸ்லின் டப்பா வாங்கித் தரத் தோன்றாத மகராசன். இப்போது யூட்யூப் பார்த்து க்ரீம் காய்ச்சுகிறான், அதுவும் வியாழக்கிழமை தவறாமல்.

கேட்டால், கம்பெனியில் ஒருவருக்குத் தோல் வறட்சியாம். மெஷின் ரிப்பேர் என்று டப்பாவோடு கிளம்பிவிடுகிறான்.

அவன் வேலை பார்க்கும் சாகண் தொழிற்பேட்டையில் கம்பெனிகளுக்கு வியாழக்கிழமை வார விடுமுறை. அவனோடு வேலை செய்யும் வாசுதேவன் வியாழனன்று கறிகாய்ப் பையோடுதான் அலைகிறார்.

அவரை அப்படிப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குச் சந்தேகம். அப்பாவை, உறவை, எல்லாவற்றையும் இவன் ஒருவனுக்காக விட்டு வந்தவள். இவனும் போய்விட்டால் அவளுக்கு இந்த ஊரில் யார்?

லக்ஷ்மி ரோடு கடையில் வாங்கிய மோக்ரா, மல்லிகை அத்தர். லேசில் போகாது. எவள் பூசினாலும் சாயங்காலம் அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

தாராளமாகவே ஊற்றினாள். மூடியைத் திருகி இடுப்பில் செருகவும் அவன் திரும்பி வரவும் சரியாக இருந்தது.

முரளி கூழை விட்டு அடிக்க ஆரம்பித்தான். முழங்கை வரை வெள்ளை. சட்டென்று மூக்கைச் சுளித்து அவளைப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தபோது போன் அடித்தது.

திரையில் ‘சாகண் ஸ்டோர்ஸ்’ என்று பெயர்.

விடுமுறை நாளில் எந்த ஸ்டோர்ஸ் கூப்பிடும்? அவன் கையை உதறிக்கொண்டு பாய்வதற்குள், அகல்யா போனை எடுத்து ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

“மாப்ளே, போன தடவை ரோஸ்வாட்டர் விட்டேளே, ஆஸ்பத்திரியில கரண்ட் வெச்ச கழுத்து பத்திண்டு எரிஞ்சுது. இன்னிக்கு வாசனை எதுவும் வேண்டாம். அகல்யா பக்கத்துல இல்லையே? நான் வைத்தியத்துக்கு இந்த ஊருக்கு வந்திருக்கறது அவளுக்குத் தெரிய வேண்டாம், பயந்துடுவா.”

எனக்குப் பெண்ணே இல்லை என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் கதவைச் சாத்திய குரல். கரகரத்து, பாதிக் குரலாகியிருந்தது.

முரளி அவளையே பார்த்தபடி சொன்னான்: “இல்ல மாமா. நான் மட்டுந்தான் இருக்கேன்.”

அகல்யா போனை மேடைமேல் வைத்தாள். கிண்ணத்தை எடுத்து, திரண்டிருந்த க்ரீம் முழுவதையும் குப்பைத் தொட்டியில் வழித்துப் போட்டாள். கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். புதிதாக ஒரு மெழுகுக் கட்டியை எடுத்தாள்.

அப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். கஞ்சி இறங்குகிறதாம், நேற்று கொஞ்சம் தூங்கினாராம்.

அழுகையை அடக்கிக்கொண்டு, அவருக்குக் கேட்டுவிடாமல், அகல்யா மெழுகைச் சீவத் தொடங்கினாள்.