நான்காவது இடம், எட்டாவது படம்

“இன்னாத்துக்குமா இத்தினி போட்டோ? ஒண்ணுல எல்லாம் தெரியாதா?”

லட்சுமணன் என்னிடம்தான் கேட்டார். நான் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் திருப்பவில்லை.

“அத்தக் கேக்காத மாமு, அது வாயே தொறக்காது” என்றார் கடைக்காரர் ஜார்ஜ் அண்ணன். “இது கேமரா, உன் கண்ணு இல்ல. மேட்டப் பாத்தா பள்ளம் மங்கும், பள்ளத்தப் பாத்தா மேடு மங்கும். ஆமா, வியாசர்பாடியில ஸ்டூடியோவே இல்லியா? கல்மண்டபத்துக்கு வந்துகிற?”

லட்சுமணன் சிரித்து வைத்தார்.

மேசைமேல் இருந்தது கிரேன் கொக்கியைத் தாங்கும் இரும்புப் பின்னின் உடைந்த பாதி. எண்ணெய்த் துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். உடைந்த முகம் வெல்லக்கட்டியை உடைத்ததுபோல மேடும் பள்ளமுமாக இருந்தது.

பளிச்சென்று தெரியட்டும் என்று ஜார்ஜ் அண்ணன் உப்புத்தாளை எடுத்தார். லட்சுமணன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“தேய்க்காத நைனா. அந்த ஓரத்து விரிசல் உள்ள மஞ்சளா ஏதோ கீது. பெயிண்ட்டா இருந்தா விரிசல் பழசு. நான் தூக்குறதுக்கு முன்னாடியே வுட்டுப்போச்சுன்னு அர்த்தம்.”

“கேஸுக்கா?”

“கேஸெல்லாம் அப்பவே முடிச்சிட்டானுங்க. வேலையும் பூட்ச்சி. நான் ஓவர்லோடு தூக்கலன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்.”

லட்சுமணனை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். உச்சிமாகாளியைக் கொன்றவர்.

இரண்டு வருடத்துக்கு முன், பொங்கல் கழிந்த வாரம், கண்டெய்னர் யார்டில் அவர் ஓட்டிய கிரேனின் பின் உடைந்தது. கீழே நின்ற உச்சிமாகாளிமேல் பெட்டி விழுந்தது. அளவுக்கு மேல் தூக்கியதால் உடைந்தது என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள்.

இழவு வீட்டுக்கு லட்சுமணன் மாலையோடு வந்தார். உச்சிமாகாளியின் மனைவி புஷ்பவல்லி தெருமண்ணை இரண்டு கையாலும் வாரி அவர்மேல் தூற்றியதைத் தெருவே பார்த்தது. நானும் பார்த்தேன். அவர் மாலையைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நான் பள்ளிக்குப் போன கடைசி வருடம் அது.

ஜார்ஜ் அண்ணன் படம் எடுக்கத் தொடங்கினார். நகைக்கடைக்காரர்களின் மூக்குத்திகளுக்காக வாங்கிய லென்ஸ். அதற்குள் ஒரு நகத்தளவு இடம்தான் அடங்கும். அதிலும் ஒரு தலைமுடிக் கனம்தான் தெளிவாக விழும், மற்றதெல்லாம் புகை.

லேத்துப் பட்டறையில் செய்து வாங்கிய திருகைக் கால் சுற்று சுற்றுவார். கேமரா இம்மியளவு முன்னே போகும். ஒரு படம். மறுபடி கால் சுற்று. ஓரிடத்துக்குப் பன்னிரண்டு படம். பிறகு பின்னைப் பக்கவாட்டில் நகர்த்தி அடுத்த இடம். ஒன்பது இடம்.

வெளியே துறைமுகத்துக்குப் போகும் லாரி வந்தால் தரை அதிரும். மூவரும் அசையாமல் நிற்போம். லாரி போனதும் அடுத்த படம்.

சேர்ப்பது என் வேலை. ஒவ்வொரு படத்திலும் தெளிவாக இருப்பதை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி, பன்னிரண்டையும் ஒன்றாக அடுக்கும். அப்படிக் கிடைக்கும் ஒன்பதை, ஓரத்தோடு ஓரம் பொருத்தி நான் ஒட்டுவேன்.

அடுக்குவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நான்காவது இடம், எட்டாவது படம்.

அதற்கு முந்தைய ஏழிலும் அந்த விரிசல் ஒரு கறுப்புக் கோடு. எட்டாவதில் அடி தெரிந்தது. அடியில் மஞ்சள் பெயிண்ட், வழிந்து காய்ந்திருந்தது. ஒன்பதாவதில் மறுபடி கறுப்பு.

யார்டில் ஆயுத பூஜைக்குத்தான் பெயிண்ட் அடிப்பார்கள். அந்தப் பொங்கலுக்கு முந்தைய பூஜைக்கு அடித்தவர் உச்சிமாகாளி. சாயங்காலம் பொரிப் பொட்டலங்களோடு தெருவுக்குள் வந்து பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார். அவருடைய பத்து நகமும் மஞ்சள்.

ஆயுத பூஜையன்றே அந்தப் பின் விரிசல் விட்டிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. அடித்தவரும் பார்க்கவில்லை.

எட்டாவது படத்தின்மேல் அம்புக்குறியை வைத்தேன். இந்த ஒன்றை அழித்துவிட்டால் போதும். கோடு கோடாகவே நிற்கும். நூற்றெட்டில் ஒன்று குறைவதை யார் எண்ணப்போகிறார்கள்? இரண்டு வருடமாக நாங்கள் சொல்லிவந்ததும் அப்படியே நிற்கும்.

என் விரல் பட்டனிலேயே இருந்தது.

திரையின் கண்ணாடியில் லட்சுமணனின் முகம் தெரிந்தது. அவர் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாவது படத்தை விட்டு அம்புக்குறியை நகர்த்தினேன். பன்னிரண்டையும் அடுக்கினேன். ஒன்பதையும் ஒட்டினேன்.

திரை முழுக்க அந்த உடைந்த இரும்பு வந்து நின்றது. மேடு தெளிவு, பள்ளம் தெளிவு. இடது ஓரத்தில், யார் பார்த்தாலும் தெரிகிற மஞ்சள்.

“அட, பெயிண்ட்டேதான்யா!” என்றார் ஜார்ஜ் அண்ணன்.

லட்சுமணன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

பிரிண்ட் போட்டுக் கவரில் வைத்தேன். கவர்மேல் பெயர் எழுதுவது எங்கள் கடை வழக்கம். அன்று முதல்முறையாக வாய் திறந்தேன்.

“யார் பேருக்கு?”

அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தானே எழுதினார். கவரை என் பக்கம் திருப்பி வைத்தார். டிபன் பாக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டார்.

புஷ்பவல்லி என்று எழுதியிருந்தார்.

என் அம்மாவின் பெயரிலிருந்து நான் நிமிர்வதற்குள், அவர் படியிறங்கிப் போயிருந்தார்.