சம்பந்திகளுக்கு நடுவே ஒரு கருவி

மருதாசலமும் சென்னியப்பனும் சம்பந்திகள். கோவையில் ஆளுக்கொரு கிரைண்டர் கம்பெனி. மருதாசலத்தின் மகளைச் சென்னியப்பன் மகனுக்குக் கட்டிக்கொடுத்த கல்யாணப் பந்தியிலேயே பேசிவைத்து, இருவரும் கிரைண்டர் விலையை ஒரே விலையாக ஏற்றிவிட்டார்கள். கம்பெனிகள் கூடிப்பேசி விலை வைப்பதைத் தடுக்கும் போட்டி ஆணையம் இதைக் கண்டுபிடித்து, அபராதத்தோடு நிற்கவில்லை. மூன்று வருடத்துக்கு இருவரும் சந்திக்கும் இடமெல்லாம் ஒரு காவல் கருவியையும் உட்காரவைத்தது. விலை என்றாலே அது அலறும். மருதாசலத்தின் மகளுக்கு வளைகாப்பு நடந்தபோது, சென்னியப்பன் புடவை விலையைக் கேட்டதற்கும் அலறியது. தொழில் பேச வழியில்லாமல் இருவரும் மெல்ல வீட்டு மனிதர்களோடு பேசப் பழகினார்கள்.

இன்று கருவியை எடுத்துப்போக அதிகாரி வந்தார்.

"தண்டனை முடிஞ்சுதுங்கம்மா."

மருதாசலத்தின் மனைவி கோமளா விடவில்லை.

"தண்டனை அவங்களுக்குத்தானுங்க. இன்னும் ரெண்டு வருசம் இங்கயே இருக்கட்டும். என்ற புள்ளைய சம்பந்தி இப்பத்தான் 'சாப்பிட்டியா கண்ணு'ன்னு கேக்கறாருங்க."