ஆடாத மேசை

வாதத்தில் இரண்டு கால்களும் விழுந்துபோன மனைவி சுகிர்தாவைத் தண்ணீரில் நடக்கவைக்க, வீட்டிலேயே சிகிச்சைக் குளத்துக்கு ஓர் அறை கட்ட முடிவெடுத்தார் ஓய்வுபெற்ற பொறியாளர் தெய்வசிகாமணி. அவர் வரைந்து தள்ளிய படங்களைப் பரப்பினால் மூன்று தெருவுக்குப் பந்தல் போடலாம். வாஸ்துக்காரர் பேச்சைக் கேட்டுக் குளம் எட்டுத் திசைக்கும் போய்வந்தது. ஊரிலேயே ஆடாத மேசை அவள் கால்கள்தான் என்று, கட்டிலில் அவற்றின்மேல் பலகையை வைத்தே வரைவார்.

“ஏங்க, ரெண்டு வருஷமாச்சு. ஒரு தொட்டியிலயாவது இறக்கி விடுங்களேன்.”

“தொட்டியா! கைப்பிடி எந்தப் பக்கம்னே இன்னும் முடிவாகல. அவசரப்படாத.”

அன்று அவர் குளத்தின் படிகளை வரைந்துகொண்டிருந்தபோது பலகை லேசாக அசைந்தது. மறுபடியும் அசைந்தது. சுகிர்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் கால் கட்டைவிரலையே பார்த்தாள்.

“ஆட்டாத சுகிர்தா,” என்றார் அவர், தலை நிமிராமல். “கோடு கோணலாவுது.”