உறங்குகிறவரின் மனைவி

ரத்தக்கசிவுக்குப் பிறகு மூளையைக் காக்க வேலப்பனை மயக்க மருந்தில் உறங்கவைத்தார்கள்; மருந்தை நிறுத்தியும் அவர் கண் விழிக்காமல் ஆறு வருஷமாகிறது. வீட்டுக் கூடத்திலேயே கட்டில். இன்று மகள் தேன்மொழிக்கு வளைகாப்பு. முதல் வளையலைச் சுமங்கலிதான் போட வேண்டும்.

குங்குமச் சிமிழோடு வந்த நாத்தனார் கோமதி, வேலப்பனின் மனைவி பூங்கோதையின் நெற்றிக்கு நேரே நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினாள்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணி. உங்களுக்கு வைக்கலாமா?"

"உங்கண்ணன் மூச்சு விடுறாரே?"

"விடுறாருதான். ஆனா எந்திரிப்பாரான்னு டாக்டருக்கே தெரியலையே."

வைக்கலாமா என்று பூங்கோதைக்கும் விளங்கவில்லை. சிமிழை வாங்கிக் கணவனின் விரலை அதில் தோய்த்தாள். குனிந்து, அந்த விரலில் தன் நெற்றியை அழுத்தினாள். குங்குமம் புருவம்வரை இழுபட்டது.

தேன்மொழி சிரித்துவிட்டாள். "அப்பாவுக்கு என்னைக்கு நேரா வைக்கத் தெரிஞ்சுது? நீ வாம்மா."

வைத்தது அவரா, தானா என்று தெரியாமலே பூங்கோதை வளையலை எடுத்தாள்.